சதுப்பில் நாலு கஞ்சாச் செடிகள்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் இதை வாசிப்பார். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்கள் தங்கள் பாவனைக்கு வீட்டில் 4 செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு என்று கணக்குப் போட்டு 16 வைக்க ஏலாது. விதையோ கன்றோ அனுமதி பெற்ற கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். கியூபெக்கில் அதற்கும் இடமில்லை. வீட்டில் வளர்க்கக்கூடாது என்ற மாகாணச் சட்டம் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்தியாவிலோ இலங்கையிலோ இதே நாலு செடிக்கு மறியல்தான். அங்கேயிருந்து வாசிப்பவர்கள் இதைத் தோட்டக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செடிகள் என்னுடையவை அல்ல. பக்கத்து வீட்டுக்காரருடையவை. நான் சிகரெட்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஒரு மனுஷன் வேலிக்கு அந்தப் பக்கம் மண்ணோடு மல்லுக்கட்டும்போது, புகையிலைத் தோட்டம் பார்த்து வளர்ந்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்கு வடக்கே, பிராட்போர்ட்டில். 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலை ஓரிடத்தில் சரிந்து இறங்கும். இரண்டு பக்கமும் கரி கொட்டினது போலக் கறுப்பு மண், அதில் கரட்டும் வெங்காயமும் நூல் பிடித்த வரிசையில். அதுதான் ஹொலண்ட் மார்ஷ். நூறு வருஷத்துக்கு முன் அது முழுச் சதுப்பு. மெத்தைக்கு அடைக்கிற புல் வெட்டத்தான் சனம் அதற்குள் இறங்கியது. குவெல்ஃபில் இருந்த ஒன்ராறியோ விவசாயக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் வில்லியம் ஹென்றி டே, இந்த மண்ணைக் காய வைத்தால் காய்கறி விளையும் என்று கணக்குப் போட்டார். 1925இல் வேலை தொடங்கி 1930இல் முடிந்தது. சுற்றிவரக் கால்வாய் வெட்டி, அணை கட்டி, உள்ளே ஊறும் தண்ணீரைப் பம்ப் வைத்து வெளியே தள்ளினார்கள். பம்ப் இன்றும் ஓடுகிறது. 1954 ஒக்டோபரில் ஹேசல் புயல் அடித்தபோது சதுப்பு தன் நிலத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டது; நெடுஞ்சாலையும் வயலும் வீடுகளும் தண்ணீருக்குள் போய், மறுபடி இறைத்து வெளியே எடுக்க வேண்டி வந்தது.

முப்பதுகளில் ஒல்லாந்துக் குடும்பங்கள் வந்து குடியேறினதால் அந்தப் பெயர் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். இல்லை. பெயர் அதற்கு வெகு முன்பே இருந்தது, சாமுவேல் ஹொலண்ட் என்ற நில அளவையாளருடையது. அந்த மனுஷனும் ஒல்லாந்தில் பிறந்தவர் என்பது வேறு கதை.

எங்கள் தெரு அந்தப் பள்ளத்தின் ஓரத்தில். பனி கரைகிற காலத்தில் நிலக்கீழறையில் சம்ப் பம்ப் இராத்திரி பகலாக உறுமும். வளவின் பின் பாதியில் மண்வெட்டியை ஒரு தரம் போட்டுத் தூக்கினால் குழிக்குள் தண்ணீர் வந்து நிற்கும். வீடு வாங்கும்போது முகவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதை விடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் அசோரஸ் தீவுகளில் இருந்து சின்ன வயதில் வந்தவர். பிராட்போர்ட்டில் போர்த்துக்கேயர் நிறைய. ஓய்வு பெற்ற தச்சர். முன் வளவில் ரோசா, பக்கவாட்டில் திராட்சைப் பந்தல், பின்னால் ஆளுயரக் கோவா இலை. முழங்கால் வலிக்கு மருத்துவர் தந்த குளிசை வயிற்றைப் புரட்டுகிறது என்று கஞ்சாவில் தைலம் காய்ச்சிப் பூசப் போவதாகச் சொன்னார். அது வேலை செய்யுமா என்பதில் எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

விக்டோரியா நாள் நீண்ட வாரஇறுதி முடிந்ததும் நட்டார். மே கடைசிக்கு முன் வெளியில் கன்று வைத்தால் உறைபனி தின்றுவிடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நட்ட இடம் வளவின் பின் பாதி, கறுப்பு மண், நல்ல வெயில். அம்மா ஸ்காபரோவில் இருந்து வந்திருந்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உந்த மனுசன் மரவள்ளி நட்டிருக்கிறார் தம்பி, குளிருக்கு உது வருமே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்க யன்னல் திரையை அம்மா திறக்கவே இல்லை.

ஜூனில் ஒரு கிழமை விடாமல் மழை. மழை விட்டு வெயில் எறித்தபோது நாலு செடியும் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. கீழ் இலைகள் மஞ்சள். மனுஷன் குழாயைக் கொண்டுவந்து இன்னும் தண்ணீர் விட்டார். நான் வேலிக்கு மேலால் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். வாடின செடிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று சொல்கிறவனை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆனால் விஷயம் அதுதான். வேருக்குத் தண்ணீர் போலவே மூச்சும் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றில்தான் வேர் மூச்சு விடுகிறது. அந்த இடைவெளியைத் தண்ணீர் நிரப்பினால் பிராணவாயு உள்ளே வராது. காற்றில் அது பரவும் வேகத்தோடு பார்த்தால் தண்ணீருக்குள் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மூச்சு முட்டின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நைதரசனையும் எடுக்க முடியாது, அதுதான் அந்த மஞ்சள். பலமிழந்த வேரைப் பித்தியம் மாதிரி அழுகல் கிருமிகள் வந்து பிடிக்கும். வேர் மண்ணிறமாகி, இழுத்தால் தோல் உரிந்து நடு நரம்பு மட்டும் கையில் வரும். நெல்லுக்கும் நாணலுக்கும் தண்டுக்குள்ளே காற்றுக் குழாய் இருக்கிறது, இலையில் இருந்து வேருக்குக் காற்று இறங்கும். கஞ்சாவுக்கு அந்த வசதி கிடையாது. புகையிலைக்கும் கிடையாது. எங்கட ஊரில் புகையிலைக் காலத்தில் ஒரு பெருமழை பெய்து தண்ணீர் நின்றால், அடுத்த நாள் காலை அப்பா தோட்டத்துக்குப் போகும்போது வீட்டில் ஒருவரும் அவரோடு கதைக்க மாட்டோம்.

அதனால் மேடு கட்டச் சொன்னேன். அந்தச் செடிகளை மண்ணோடு கிளப்பி, நாலு பலகைப் பெட்டி அடித்து, முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு மண்ணும் மணலும் இலைக்குப்பையும் கலந்து நிரப்பி, மேலே வைத்தார். தச்சர் ஆனபடியால் பெட்டிகள் தேவாலயத்து வாங்கு மாதிரி இருந்தன. இரண்டு கிழமையில் பச்சை திரும்பியது. ஜூலை முழுக்க மழை இல்லை, ஊரில் எல்லாருடைய புல்லும் வைக்கோலானது. இவர் குழாயைத் தொடவே இல்லை. மேட்டுக்குக் கீழே எப்போதும் ஈரம், அது மெல்ல ஏறி வேரை நனைக்கிறது. சதுப்பின் நல்ல குணம் இதுதான். மேல்மண்ணில் காற்று, அடிமண்ணில் தண்ணீர் என்று பிரித்துவைத்துவிட்டால் அதைவிட நல்ல நிலம் கிடையாது. ஒரே ஒரு கரைச்சல், வேர் ஆழம் போகாது. காற்று முடிகிற இடத்தில் வேரும் நிற்கும். செடி ஆளுயரம் தாண்டினபோது ஒரு காற்றுக்கே ஆடியது; கம்பு நட்டுக் கட்டினார்.

ஜூலைக் கடைசியில் மனுஷனுக்குப் பெருமை தாங்க முடியவில்லை. தண்டு கைப்பிடி மொத்தம், இலை கருஞ்சிவப்பு ஓடின கரும்பச்சை. சதுப்பில் கஞ்சா வராது என்று யாரோ உறவினர் சொன்னாராம், அவருக்கு நிழற்படம் எடுத்து அனுப்பினார்.

அந்த உறவினர் சொன்னது தவறு என்பதற்குப் பழைய சாட்சியே இருக்கிறது. ஒல்லாந்தில் கிரிம்பனவார்ட், அல்பிளாசவார்ட் என்று இரண்டு கரிச்சேற்றுப் பிரதேசங்கள். அங்கே நூற்றாண்டுக் கணக்காக இதே சாதிச் செடியை நாருக்காக வளர்த்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சின்னச் சின்ன வயல், சுற்றிவர வாய்க்கால். வருஷா வருஷம் வாய்க்கால் சேற்றை வாரி, மாட்டெருவோடு சேர்த்து வயலில் போட்டு, நிலத்தையே மேடாக்கிவிட்டார்கள். சுற்றியிருக்கிற மேய்ச்சல் நிலத்தைவிட அந்த வயல்கள் உயரம். பக்கத்து ஊர் ஔடவாட்டர் கயிறு திரிக்கிறதற்கே பெயர் போனது. ஒல்லாந்துக் கப்பல்களின் கயிறும் பாயும் இந்த நாரைத்தான் நம்பியிருந்தன. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஹோம் தீவு என்று சதுப்பு சூழ்ந்த ஓர் இடம், அங்கேயும் இதே பயிர்தான், சாக்கும் முரட்டுத் துணியும் நெய்தார்கள். கடற்படைக்குக் கயிறு வேண்டும் என்று எட்டாம் ஹென்றி 1533இல் சட்டமே போட்டார்: 60 ஏக்கர் உழுகிறவன் கால் ஏக்கரில் நாருக்கான ஆளியோ கஞ்சாவோ விதைக்க வேண்டும். எட்டே வருஷத்தில் இன்னொரு சட்டம் வந்தது, அறுத்த செடியை மாடு தண்ணீர் குடிக்கிற ஆற்றில் ஊறப்போடக்கூடாது என்று. நாரைப் பிரிக்கத் தண்டைத் தண்ணீரில் அழுக விடவேண்டும். அந்த நாற்றம் ஊரைத் தூக்கியிருக்கும். சதுப்பு நிலத்துக்காரருக்கு ஊறப்போட வாய்க்காலும் வாசலிலேயே இருந்தது.

இதையெல்லாம் நான் வேலியோரம் நின்று பெரிதாக அளந்துகொண்டிருந்தேன். பிறகு யோசித்தால் ஒரு விஷயம் உறைத்தது. அவர்கள் எல்லாரும் தண்டுக்கு வளர்த்தவர்கள். நெருக்கி விதைப்பார்கள், கிளை விடாது, மூங்கில் மாதிரி நேரே போகும். ஆண் செடியைக் கோடையிலேயே பிடுங்கிவிடுவார்கள். பெண் செடியை விதைக்காக மட்டும் இன்னும் கொஞ்சம் விடுவார்கள். பூ அழுகினால் அவர்களுக்கு என்ன நட்டம்? பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டியது பூ. பிசின் நிரம்பின, விதை பிடிக்காத பெண் பூ. சதுப்பு தண்டையும் இலையையும் அள்ளிக் கொடுக்கும். பூவை அது வேண்டா வெறுப்பாகத்தான் தரும்.

கஞ்சா பூக்கிறது நாளின் நீளத்தைப் பார்த்து. சரியாகச் சொன்னால் இரவின் நீளத்தை. எங்கள் அகலக்கோட்டில் ஜூன் கடைசியில் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல். ஓகஸ்ட் நடுவில் அது 14 அளவுக்கு இறங்கும்போது செடி தன் காலம் வந்ததென்று எடுத்துக்கொள்ளும். கணுக்களில் வெள்ளை மயிர் இரண்டு இரண்டாக எட்டிப் பார்க்கும். அது பெண். சின்னக் காய் மாதிரித் தொங்கினால் ஆண், அதை அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும், மகரந்தம் காற்றில் கிலோமீற்றர் கணக்கில் போகும். கடையில் பெண் விதை என்று தனியாகவே விற்கிறார்கள் ஆனபடியால் அந்தக் கவலை இவருக்கு இருக்கவில்லை. வந்தது வேறு வேடிக்கை. மூன்று செடி பூக்கத் தொடங்கிவிட்டன, மூலைச் செடி மட்டும் சின்னப்பிள்ளை மாதிரி இலை விட்டுக்கொண்டே நின்றது. அவருடைய கராஜ் விளக்கு விடிய விடிய அதன் மேலே! இருட்டு கலைந்தால் செடிக்கு இன்னும் கோடை. விளக்கை அணைத்த பிறகுதான் அது பூக்கவே தொடங்கியது.

மற்ற மூன்றும் பூத்தன, ஆனால் பூவைவிட இலை கூட. காரணம் மண்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். இந்தக் கறுப்பு மண் ஆயிரக்கணக்கான வருஷத்துப் புல்லும் நாணலும் மக்கினது. வெயிலில் சூடேறச் சூடேற நுண்ணுயிர்கள் அதைத் தின்று நைதரசனை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் மார்ஷில் மண் மட்டமும் வருஷா வருஷம் இறங்குகிறது, காற்றில் எரிந்து போகிற மண் அது. வெங்காயக்காரருக்கு அது வரம். பூக்கிற செடிக்கோ அந்த நேரம் நைதரசன் குறைய வேண்டும், பொட்டாசியம் கூட வேண்டும். கரிம மண்ணில் பொட்டாசியமும் செம்பும் இயல்பாகவே குறைவு. உரப்பையை நிறுத்தினால் நைதரசன் நிற்கிற சாதாரண மண் இல்லை இது. கீழே இருந்து நிலமே ஊட்டிக்கொண்டிருக்கிறது, மேலே அவர் என்ன செய்தாலும். கொஞ்சம் விறகுச் சாம்பல் போட்டார், பொட்டாசியத்துக்காக. உதவியதா என்பது அவருக்கும் எனக்கும் நடுவில் இன்னும் தீராத வழக்கு.

செப்டெம்பரில்தான் உண்மையான சோதனை. பகலில் சூடு, இரவில் குளிர், நடுவில் அந்தக் கால்வாய் முழுக்கத் தண்ணீர். குளிர்ந்த காற்று பாரமானது, பள்ளத்தைத் தேடி இறங்கும். காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனையில் நின்றால் கீழே மார்ஷ் தெரியாது, பால் ஊற்றி வைத்த மாதிரிப் புகார். மேட்டில் இருக்கிறவர்களின் வளவில் எட்டு மணிக்கு இலை காய்ந்துவிடும். எங்களுக்குப் பத்தரை, பதினொன்று. அந்த மூன்று மணித்தியால ஈரம்தான் பூவின் விதியைத் தீர்க்கிறது.

சாம்பல் பூஞ்சணம் என்று ஒன்று, பொட்ரைட்டிஸ் சினேரியா. அதன் வித்துகள் எங்கும் இருக்கின்றன. வேண்டியது குளிர்ந்த ஈரமும் காற்று போகாத ஒரு மூலையும். ஸ்ட்ரோபெரியை நரைத்த மயிரால் மூடுகிறதும் இதுதான். பிரான்ஸில் சோட்டேர்ன் இனிப்பு வைன் எடுக்கிற திராட்சையில் இதையே வரவேற்கிறார்கள். கஞ்சாப் பூவில் இது உள்ளே இருந்து தொடங்கும். பூக்கொத்து எவ்வளவு பருத்து இறுகி இருக்கிறதோ அவ்வளவுக்கு நடுத் தண்டின் ஈரம் வெளியே போக வழியில்லை. வெளியில் பார்த்தால் கண்பட்டுப் போகிற அழகு. கொத்தின் நடுவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் வாடி மஞ்சளாக நிற்கும், தொட்டால் கையோடு வரும். பிரித்துப் பார்த்தால் உள்ளே மண்ணிறமும் சாம்பலும். பெரிய கொத்துக்குத்தான் முதலில் வரும் என்பது இதிலுள்ள அநியாயம்.

நான் அதைச் செடியின் தளர்ச்சி என்று நினைத்திருப்பேன். மனுஷன் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார், திராட்சைப் பந்தலில் வருஷா வருஷம் பார்க்கிற முகம். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலுக்குக் கீழே நல்ல தண்டு வரை வெட்டி, பைக்குள் போட்டுக் கட்டினார். எருக்குழியில் போடவில்லை. மிஞ்சின கொத்துகளுக்கு நடுவில் இருந்த பெரிய இலைகளைக் கிள்ளி வெளிச்சமும் காற்றும் வரவிட்டார். காலையில் ஒவ்வொரு செடியையும் பிடித்து மெல்ல உலுப்பிப் பனியைக் கொட்டினார். மருந்து அடிக்கவில்லை, பூ வந்த பிறகு அடிக்கிற எதுவும் பிசினில் ஒட்டி உடம்புக்குள் போகும். பூசுகிற தைலமானாலும் அவர் அதில் பிடிவாதம், சரியான பிடிவாதம்தான்.

புழுவும் ஒன்று இருக்கிறது. சோளத்தண்டு துளைக்கிற ஐரோப்பியப் புழு இந்தச் செடிக்கும் வரும். சுற்றிவரச் சோளம் போடுகிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தண்டில் ஊசித்துளை, வாசலில் மரத்தூள் மாதிரி எச்சம். எச்சம் ஈரத்தைப் பிடிக்க, அந்த இடத்திலேயே பூஞ்சணம் குடியேறும்.

மணத்தைப் பற்றி நான் சொல்லவில்லை என்று யாரும் கேட்க முன் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பர் நடுவில் எங்கள் வளவில் ஒரு பிறந்தநாள். பெரியம்மா காரில் இருந்து இறங்கி மூக்கைச் சுளித்து, "எங்கயோ ஸ்கங்க் அடிபட்டுக் கிடக்குது, முதல்ல அதைப் பாருங்கோ" என்றார். தேடுவது மாதிரி நானும் கொஞ்ச நேரம் வேலியோரம் நடந்தேன்.

கடைசி எதிரி உறைபனி. இதில் சதுப்பு மண் ஒரு துரோகம் செய்யும். மேல் அங்குலங்கள் காய்ந்த கரிம மண் போர்வை போல. பகலில் உள்ளே போன சூட்டை இரவில் மேலே வர விடாது. அதனால் பக்கத்துக் களிமண் நிலத்தில் இலை தப்பினாலும் இங்கே வெள்ளை பூத்துவிடும். குளிர்காற்றும் பள்ளத்துக்குத்தான் வந்து தேங்கும். ஆக மேட்டில் இருக்கிறவருக்குக் கிடைக்கிற கடைசி ஒன்றிரண்டு கிழமை இவருக்குக் கிடையாது. அந்தக் கிழமைகளில்தான் பூ முற்றுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பிசின் குமிழ்கள் முதலில் கண்ணாடி, பிறகு பால், கடைசியில் தேன் நிறம். அவர் பால் நிறத்திலேயே வெட்டினார். காத்திருந்தால் தேன் நிறம் வருமுன் சாம்பல் நிறம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூலைச் செடி, விளக்கின் கீழே நின்றது, முற்றவே இல்லை. ஒரு இரவு உறைபனியில் இலையெல்லாம் கறுத்து, அதை அப்படியே வெட்டிப் போட்டார். மற்ற மூன்று செடிகளின் பூவில் மூன்றில் ஒரு பங்காவது பூஞ்சணத்தோடு குப்பைக்குப் போயிருக்கும். மீதி கராஜில் தொங்கியது, மின்விசிறியோடு, கதவு பூட்டி.

தைலம் காய்ச்சினார். முழங்கால் எப்படி என்று கேட்டேன். "பூசுகிறபோது மனைவி தடவி விடுகிறாள், அதுவே பாதி மருந்து" என்றார்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே திட்டம். நாளின் நீளத்தைப் பார்க்காமல், வயதைப் பார்த்துப் பூக்கிற இனம் ஒன்று உண்டு. வடக்குப் பக்கக் குட்டைச் சாதியோடு கலந்து எடுத்தது. விதை போட்டு இரண்டரை மாதம் போல ஆகும்போது முடிந்துவிடும். ஜூன் தொடக்கத்தில் வைத்தால் ஓகஸ்ட் கடைசியில் வெட்டலாம், புகார் இறங்க முன். செடி இடுப்பளவுதான், விளைச்சல் குறைவு. சதுப்பில் குறைந்த விளைச்சலை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோகிறவன்தான் கெட்டிக்காரன் என்று நான் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பெட்டியில் குட்டைச் சாதி, ஒன்றில் பழைய பெரிய சாதி, ஆனால் கொத்து இறுகாமல் விரிந்து பூக்கிறதாகப் பார்த்து, மேலே வழுவழுப்பான பொலித்தீன் கூரையும் போட்டு என்று கோடு கீறி வைத்திருக்கிறார். கூரை பனியைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும், அது வேண்டாம் என்கிறேன் நான். பக்கம் திறந்துதானே இருக்கும் என்கிறார் அவர்.

நாலாவது பெட்டி, கராஜ் விளக்கின் கீழே இருக்கிறது, எனக்கு. பாகல் போடப் போகிறேன். அதுவும் தண்ணீர் நின்றால் சாகிற சாதிதான், ஆனால் விளக்கு எரிந்தாலும் காய்க்கும். கொடி ஏற வேலிக்கு மேலே கம்பி இழுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; முதலில் வேலியின் அந்தப் பக்கம் யாருடையது என்று தீர்ப்போம் என்கிறார்.